மூணு டிஸ்க் நல்லா இருக்கு, அதனால் என்ன?

செத்துப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இப்படி ஒன்று இது மூன்றாவது. கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர், பையிலிருந்து மூன்று ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் மேஜையில் அடுக்கினார். "அண்ணா, நாலுல ஒண்ணுதான் போச்சு. மீதி மூணும் நல்லா இருக்கு. அதுல இருக்குற முக்கால்வாசிப் படத்தை எடுத்துக் குடுங்க, போதும்."

நாலாவது எங்கே என்றேன். வாரன்டியில் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டாராம்!

பல டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் அவர் போட்டிருந்தது 'சிம்பிள்' வகை, அதாவது எதற்கும் பிரதி வைக்காதது. பூல், அதாவது இப்படிச் சேர்த்த டிஸ்க் கூட்டம், என்றாலே முதல் டிஸ்க் நிரம்பியதும் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று மூட்டை அடுக்குகிற மாதிரி ஃபைல்கள் போய் உட்காரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க. வழக்கமான அமைப்பில் ஃபைலை 256 கேபி துண்டுகளாக நறுக்கி, சீட்டுக்கட்டைப் பங்கு போடுவதுபோல் நாலு டிஸ்க்குக்கும் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும். 25 எம்பி படம் ஒன்று 100 துண்டு, டிஸ்க்குக்கு 25. ஒரு டிஸ்க் போனால் நூறு படத்தில் இருபத்தைந்து போகாது. நூறு படத்திலும் கால்பங்கு ஓட்டை விழும்.

மூன்றையும் கோர்த்து ஒரு படத்தைத் திறந்து காட்டினேன். மேலே பந்தலின் தோரணம் ஒரு விரற்கடை தெரிந்தது. கீழே முழுக்கச் சாம்பல். முழுசாகத் தேறியவை ஒரே துண்டில் அடங்கிய சின்ன ஃபைல்கள்: பில், கணக்கு. அவற்றை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

'மிரர்' போட்டிருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிரதி இருந்திருக்கும். இடம் பாதியாகும், அவ்வளவுதான். தொலைந்த துண்டைத் திரும்பக் கணக்கிடக் கூடுதல் தகவல் வைக்கும் 'பாரிட்டி'க்குக் குறைந்தது 3 டிஸ்க் வேண்டும்; ஒன்று போனால் தாங்கும். ஆனால் இரண்டுமே பேக்கப் ஆகாது. நீங்கள் தெரியாமல் டிலீட் செய்தால் மிரரிலும் அந்த நொடியே டிலீட்தான். பேக்கப் என்பது வேறொரு டிஸ்க்கில், பூலுக்கு வெளியே, முடிந்தால் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பூலிலிருந்து கழற்றியதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்டால், தயவுசெய்து எதற்கும் சரி சொல்லாதீர்கள். கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டுங்கள். ரிப்பேருக்கு வரும்போது எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், செத்துப்போனதையும் சேர்த்து. ஹெட்டை, அதாவது உள்ளே தகவலைப் படிக்கும் முனையை, மாற்றினால் அதிலிருந்தும் பல சமயம் படிக்க முடியும். வாரன்டிக்கு அனுப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.