பூச்சி தின்ன வருஷங்கள்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணே, இங்கிலாந்துல ஆயிரம் வருஷத்து மர சர்ச் ஒண்ணு இருக்காமே, வயசை எப்படிக் கண்டுபிடிச்சாங்க, கார்பன் டேட்டிங்கா?" இல்ல தம்பி, இது அதைவிட சுவாரசியம்.

எஸ்ஸெக்ஸ்ல ஓங்கர் பக்கத்துல கிரீன்ஸ்டெட்னு ஒரு பட்டிக்காடு, அங்க இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூ சர்ச் தான் அது, ஆங்கிலிக்கன் சபையோட சின்ன ஊர் கோயில். பலிபீடப் பக்கம் செங்கல் கட்டினது 1500 வாக்குல, இத்துப்போன மரத்தோட அடியை வெட்டிட்டு செங்கல் மேல தூக்கி வச்சது 1848ல, அதெல்லாம் பின்னாடி வந்த கதை. சுவரைத்தான் பாக்கணும். முழு ஓக் மரத்தை நெடுக்கா ரெண்டாப் பிளந்து, உருண்டைப் பக்கம் வெளிய, தட்டைப் பக்கம் உள்ள வர்ற மாதிரி வரிசையா நிறுத்தி, பக்கத்துப் பக்கத்து மரத்துல காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து நடுவுல ஒரு பட்டையைச் சொருகியிருக்காங்க.

மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், ஸ்கூல்லயே படிச்சோம். நல்ல மழைன்னா அகலம், வறட்சின்னா ஒல்லி. அந்த அகலம் ஒல்லி வரிசை ஒரு வட்டாரத்து ஓக் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்னிக்கு உயிரோட இருக்கிற மரத்துல ஆரம்பிச்சு, அதைவிடப் பழைய வீட்டு உத்தரம், அதுக்கும் பழைய உத்தரம்னு கிழிஞ்ச ரூபா நோட்டை ஒட்டுற மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு பொருத்திட்டே பின்னாடி போகலாம். அயர்லாந்துல சதுப்புல புதைஞ்ச ஓக்கையும் சேர்த்து 7000 வருஷத்துக்கு மேல போயிட்டாங்க. வருஷக்கணக்கா உக்காந்து வளையம் எண்ணுறதுக்குப் பணம் குடுத்திருக்காங்க பாருங்க, நம்ம ஊர்ல "இதனால என்ன பிரயோஜனம்"னு முதல் மீட்டிங்லயே ஃபைலை மூடியிருப்பாங்க.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். வைரம் பாஞ்ச மரம்னு சொல்றோம்ல, அது உள்பக்கம், ஓக்ல டானின்ங்கிற துவர்ப்புச் சத்து ஏறி பூச்சிக்குக் கசக்கும். வெளிப்பக்கம் தண்ணி ஏத்துற வெளிறு, மாவுச்சத்து இருக்கும், பூச்சிக்கு விருந்து. ஆனா மரத்தை வெட்டின வருஷம் எழுதியிருக்கிறது அந்தக் கடைசி வெளிறு வளையத்துல தான்! கிரீன்ஸ்டெட்ல அது போயிடுச்சு. ரொம்ப நாளா 845ல கட்டினதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1995ல வளையத்தை எண்ணிப் பாத்தா மிச்சம் இருந்த கடைசி வைர வளையம் 1053. இங்கிலாந்து ஓக்ல வெளிறு சாதாரணமா 10ல இருந்து 55 வளையம் வரைக்கும் இருக்கும், கூட்டினா மரத்தை வெட்டினது 1063 டு 1108க்குள்ள. அந்தக் காலத்துல ஓக்கைப் பச்சையா இருக்கும்போதே இழைச்சிடுவாங்க, காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும், அதனால வெட்டின வருஷமும் கட்டின வருஷமும் ஏறக்குறைய ஒண்ணு தான்.

1013ல, எப்பவோ செத்துப்போய் புனிதராக் கும்பிடப்பட்ட எட்மண்ட் ராஜாவோட உடலை பரி செயின்ட் எட்மண்ட்ஸ்ங்கிற ஊருக்குக் கொண்டு போனப்ப இங்க இறக்கி வச்சாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம், இதே இடத்துல முன்னாடியும் மரக் கட்டிடம் இருந்த தடயம் தோண்டி எடுத்திருக்காங்க, ஆனா இந்தச் சுவர் அதைப் பாத்திருக்காது, அப்ப இது காட்டுல மரமா நின்னுட்டு இருந்துச்சு. 1066ல பிரான்ஸ் பக்கம் இருந்து நார்மன்காரங்க படையெடுத்து வந்தாங்களே, அதுக்கு முன்னாடி வெட்டினதா பின்னாடி வெட்டினதான்னு கேட்டா, அதைச் சொல்ல வேண்டிய வளையம் எப்பவோ பூச்சி வயித்துக்கும் மழைக்கும் போயிடுச்சு தம்பி.