முழங்காற்குழித் தமனி

ஒரு மருத்துவக் கையேட்டின் மெய்ப்புத் திருத்தும்போது இந்த வரி இடறியது: ‘முழங்கால் தமனி அடைபட்டால் முழங்கால் தமனிகள் அதன் வேலையை ஓரளவு ஏற்கும்.’ எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருக்கலாம்.

ஆங்கில மூலத்தில் இருப்பவை இரு வேறு சொற்கள்: முதலாவது பாப்லிட்டியல், மற்றது ஜெனிகுலர். பாப்லிட்டியல் என்பது முழங்காலின் பின்புறத்தைக் குறிக்கும் ‘பாப்லெஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெனிகுலர் என்பதன் வேர் ‘ஜெனு’, அதாவது முழங்கால். வேர் பற்றி இது போதும்.

தொடைத் தமனி, தொடைத்தசையின் இடைவெளியொன்றில் நுழைந்து பின்பக்கம் வந்ததும் பாப்லிட்டியல் ஆகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. போகும் வழியில் மூட்டுக்கு அது ஈனும் கிளைகள் ஐந்து: மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒன்று. அந்த நடுக்கிளை மூட்டுறையைத் துளைத்து உள்ளே போகிறது. இவைதாம் ஜெனிகுலர். தாய்க்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் யாரைக் கூப்பிடுவது?

இது வெறும் சொற்சண்டை அன்று. 1785இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், முழங்காலுக்குப் பின்னே தமனி புடைத்திருந்த ஒரு குதிரைவண்டிக்காரருக்கு, புடைப்பைத் தொடாமல் தொடையிலேயே தமனியைக் கட்டி அடைத்தார். கால் பிழைத்தது. மூட்டைச் சுற்றிய கிளைவலை கீழே இரத்தம் கொண்டுபோனது. ஆனால் மூட்டு விலகித் தாய்த்தமனி திடீரெனக் கிழிந்தால் அந்த வலை பெரும்பாலும் போதாது. காலையே இழக்க நேரலாம். நோயாளி படிக்கும் தாளில் இரண்டும் ஒன்றாக இருக்கலாமா?

‘முழங்கால் மடிப்புத் தமனி’ என்பாரும் உண்டு. மடிப்பு தோலில் இருக்கிறது. இந்தத் தமனியோ குழியின் ஆழத்தில், எலும்பை ஒட்டி ஓடுகிறது. கைக்கு அக்குள் வாய்த்ததுபோல் காலின் இந்த இடத்துக்குத் தனிச்சொல் வாய்க்கவில்லை. ஆகவே முழங்காற்குழி. ஜெனிகுலருக்கு முழங்கால் தமனிகள் என்பதே சரி.

‘முழங்கால் நாளம்’ என்பது இன்னும் மோசம். தமிழ்நாட்டில் நாளம் எந்த இரத்தக் குழாயும் ஆகும். இலங்கைப் பாடநூல்களில் அது சிரை, தமனிக்கு அங்கே நாடி என்று பெயர். ‘முழங்கால் நாளம்’ என்று எழுதியவர்கள், தமனி வடசொல் என்பதால் அதை விலக்கினார்களாம். தூய்மை பார்த்து, இதயத்திலிருந்து போகும் குழாயைத் திரும்பிவரும் குழாயாக்கிவிட்டார்கள்.

வரியைத் திருத்தி அனுப்பினேன். சொல் நீளமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. கூடியது மூன்றே எழுத்து.