அந்த மூன்று இதழ்கள் எதைச் சொல்கின்றன?

மஞ்சள் பின்னணி. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி மூன்று இதழ்கள். இதுவரை பார்த்திராத ஒருவரிடம் இதைக் காட்டிக் கேட்டால் மின்விசிறி என்பார், அல்லது ஏதோ பூ என்பார். "கதிரியக்கம், கிட்டே போகாதே" என்று சொல்லவே மாட்டார். 1946-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த சின்னம் இது. உயிர் காக்க வேண்டிய ஒரு குறி, சொல்லித்தராமல் புரியாது என்றால் அது ஏன் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறைக்குக் குறியியல் என்று பெயர். அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) அதற்கு ஒரு வழி காட்டினார். குறிக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் நடுவே என்ன உறவு இருக்கிறது என்று பாருங்கள் என்றார். அந்த உறவு மூன்று விதம்.

முதலாவது, ஒப்புமை. ஓவியம், வரைபடம், கழிப்பறைக் கதவில் இருக்கும் மனித உருவம் எல்லாம் தாம் குறிப்பதைப் போலவே இருக்கின்றன. இதை உருக்குறி எனலாம். இரண்டாவது, தொடர்பு. நெருப்பில்லாமல் புகையாது என்கிறோமே, அதுதான். புகை நெருப்பைப் போல இருப்பதில்லை, நெருப்பிலிருந்து வருகிறது. ஈர மண்ணில் பதிந்த காலடி, காய்ச்சல், கூரை மேல் காற்றடிக்கும் திசையைக் காட்டத் திரும்பும் சேவல் வடிவத் தகடு எல்லாமே இந்தச் சுட்டுக்குறிகள்தாம். யாரும் 'சொல்ல' நினைக்காமலே இவை சொல்லிவிடுகின்றன. நோயின் அறிகுறிகளைப் படிக்கும் மருத்துவர் நாள் முழுவதும் செய்வது இந்த வேலையைத்தான்.

மூன்றாவது, உடன்பாடு. 'மரம்' என்ற ஒலியில் இலையும் இல்லை, கிளையும் இல்லை. ஆங்கிலத்தில் அது 'ட்ரீ', பிரெஞ்சில் 'ஆர்ப்ர்'. ஒரு சமூகம் ஒப்புக்கொண்டது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஃபெர்டினான் தெ சொசூர் தம் மொழியியல் முழுவதையும் இந்தக் காரணமின்மையின் மேல்தான் கட்டினார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1916-ல், அவருடைய வகுப்புரைகள் நூலாக வந்தன. இந்த வகைக்கு மரபுக்குறி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எண்கள், எழுத்துகள், நம் மூன்று இதழ்கள் எல்லாம் இதில் சேரும்.

பலரும் இதைப் படித்துவிட்டு மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு குறிகளைப் பிரித்துப் போடத் தொடங்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே குறியில் மூன்று உறவும் இருக்கலாம். புகைப்படம் முகத்தைப் போல இருக்கிறது, அதனால் உருக்குறி. அந்த முகத்தில் பட்டு வந்த ஒளி பதிந்ததால்தான் அது உண்டானது, ஆகவே சுட்டுக்குறியும்கூட. சேவல் கூவுவதைத் தமிழில் 'கொக்கரக்கோ' என்கிறோம், ஆங்கிலத்தில் 'காக்-எ-டூடுல்-டூ' என்கிறார்கள். இரண்டும் அதே கூவலைப் போல ஒலிக்க முயல்பவைதான். ஆனாலும் அந்தந்த மொழியின் மரபு உள்ளே புகுந்துவிட்டது.

காலப்போக்கில் உறவே மாறிப்போவதும் உண்டு. கணினியில் 'சேமி' என்பதற்கு ஒரு சிறு சதுரப் படம் வரும். ஒருகாலத்தில் அது, கோப்புகளைச் சேமிக்கக் கையில் பிடித்த ஃபிளாப்பி வட்டின் நேரடி உருவம். அந்த வட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் இன்று தயங்காமல் அதை அழுத்துகிறார்கள். படம் மாறவில்லை, உருக்குறியாக இருந்தது மட்டும் மரபுக்குறியாகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

மரபுக்குறியின் பலமும் பலவீனமும் ஒன்றேதான். எதையும் குறிக்க அதனால் முடியும், ஆனால் உடன்பாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு அது ஊமை. 1987-ல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து ஒரு கதிர்சிகிச்சைக் கருவியின் பாகத்தைச் சிலர் எடுத்துச்சென்று பிரித்தார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளைக் கண்டு அதிசயித்து, வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்த நீல ஒளியே ஒரு சுட்டுக்குறி. அதைப் படிக்க அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பன்னாட்டு அணுசக்தி முகமையும் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் 2007-ல் கூடுதலாக ஒரு சின்னத்தை அறிவித்தன. 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. சிவப்பு முக்கோணத்துக்குள் பழைய மூன்று இதழ்களிலிருந்து அலைகள் இறங்குகின்றன, கீழே ஒரு மண்டையோடு, அம்புக்குறி, ஓடும் மனிதன். பழைய மரபுக்குறியைத் தூக்கி எறியாமல், அதற்குப் பக்கத்தில் உருக்குறிகளை நிறுத்தி அதன் பொருளை விளக்கியிருக்கிறார்கள்.

அதை ஒட்டும் இடத்தைத் தேர்ந்ததில்தான் பெரிய அக்கறை தெரிகிறது. கருவியை வழக்கமாகப் பயன்படுத்துபவர் கண்ணில் அது படாது. உறைக்குள்ளே, கதிரியக்கப் பொருளுக்கு அருகில் இருக்கும். மூடியைக் கழற்றிப் பிரிக்க முயல்பவர் மட்டுமே அதைப் பார்ப்பார்.