இலை மஞ்சளானதும் யூரியாவைத் தேடாதீர்கள்

இந்த வாரத்தில் மட்டும் நான்காவது முறையாக, இலை விளிம்புகள் கருகிய ஒரு ரோஜாத் தொட்டி என் பார்வைக்கு வந்தது. இலை மஞ்சளானதும் வளர்த்தவர் ஒரு கரண்டி யூரியா இட்டிருக்கிறார். பச்சை திரும்பவில்லை என்று மறுவாரம் இரண்டு கரண்டி இட்டிருக்கிறார். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). தொட்டியின் சிறிதளவு மண்ணில் அவ்வளவும் கரைந்தால், வேர் நீரை உறிஞ்ச முடியாமல், மண் ஈரமாக இருக்கும்போதே செடி காய்ந்துபோகும்.

மஞ்சள் என்றாலே தழைச்சத்துக் குறைவு என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் அது மறைவதில்லை. எந்த இலை மஞ்சளாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தழைச்சத்து குறைந்தால், செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே அடியிலைகள்தான் முழுவதுமாக வெளிறும். அடியிலைகளில் நரம்புகள் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். அதே தோற்றம் கொழுந்தில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. ஏனெனில் பழைய இலையில் சேர்ந்த இரும்பு எளிதில் இடம்பெயராது. அப்போதும் மண்ணில் இரும்பே இல்லை என்று பொருளல்ல. கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டிய மண்ணில் அது கரையாமல் கிடக்கும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறி இட்டிருந்தாலும் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும். இந்த நிலையில் யூரியாவால் எந்தப் பயனும் இல்லை. எப்போதும் நீர் தேங்கிய தொட்டியிலோ, காற்றில்லாமல் வேர் அழுகுவதாலேயே இலை மஞ்சளாகிறது. நீரைக் குறைப்பதே அதற்கு மருந்து.

உரப்பையில் உள்ள மூன்று எண்கள் முறையே தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளைக் குறிப்பவை. 19:19:19 என்று இருப்பதால் அதில் எல்லாச் சத்தும் உண்டென்று நம்பிவிடாதீர்கள்; செடிக்கு இன்றியமையாதவை 17 தனிமங்கள். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேராததால்; நீரைச் சீராக விடாததே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

இயற்கை உரம் என்றாலும் மக்காத சாணத்தை வேரருகே இடாதீர்கள். எந்த உரமானாலும் பையில் குறிப்பிட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். உலர்ந்த மண்ணில் உரமிடாதீர்கள். ஏற்கெனவே கருகிவிட்ட செடியாக இருந்தால், தொட்டியின் அடித்துளை வழியே வெளியேறும்படி நல்ல நீரைப் பலமுறை ஊற்றி வடியவிடுங்கள். பிறகு புதுக்கொழுந்து வரும்வரை, தயவுசெய்து, எந்த உரமும் இடாமல் காத்திருங்கள்.