உடைந்தது கைப்பிடி, பிழை பூட்டில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. புதியது வாங்கிப் பொருத்தினேன். சில மாதங்களில் அதுவும் உடைந்துவிட்டது. இப்போது கண்ணாடியை இறக்கி, வெளியே கைவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். நானே சரிசெய்யலாமா?” தாராளமாகச் செய்யலாம். ஆனால் புதிய கைப்பிடியும் உடைந்திருப்பதால், நோய் வேறெங்கோ இருக்கிறது என்று ஐயுற வேண்டும்.

கைப்பிடி ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் ஒரு கேபிளோ மெல்லிய கம்பியோ அந்த இழுப்பைக் கதவின் விளிம்பிலுள்ள பூட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. என்னை வியக்க வைப்பது அந்தப் பூட்டுதான். கதவைத் திறந்து, அதன் விளிம்பில் தெரியும் பிளவுக்குள் பார்த்தால், நண்டின் கொடுக்கைப் போன்ற ஓர் எஃகுத் தகடு தெரியும். கதவைச் சாத்தும்போது, வண்டியின் சட்டத்தில் பதித்திருக்கும் லாட வடிவக் கம்பி அதன் வாய்க்குள் புகுந்து அதைச் சுழற்ற, கொடுக்கு கம்பியைக் கவ்விக்கொள்கிறது. அது திரும்பச் சுழலாதபடி சிறிய தடைநாக்கு ஒன்று ஸ்பிரிங்கின் உந்துதலால் வந்து விழுகிறது. கொடுக்கில் இரண்டு படிகள் உண்டு. கதவு முழுதாகச் சாத்தப்படாமல் அரைகுறையாக நிற்பது முதல் படியில்.

2004-இல் ஐ.நா.வின் கீழ் வகுக்கப்பட்ட முதலாவது உலகளாவிய வாகனத் தொழில்நுட்ப விதி, கதவுப் பூட்டுகளைப் பற்றியது. முழுதாகப் பூட்டிய நிலையில் 11,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,100 கிலோ எடை தொங்குவதற்கு நிகரான இழுவிசையை, பூட்டு தாங்க வேண்டும் என்கிறது அது. அவ்வளவு விசையைத் தாங்கும் பூட்டை இரண்டு விரல்கள் எப்படி விடுவிக்கின்றன? திறந்திருக்கும் ஒரு கதவின் விளிம்பில் கைவைத்து, நேராகக் கீலை நோக்கித் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் அது சுழல்வதில்லை, ஏனெனில் விசை அதன் சுழலச்சான கீலின் வழியாகவே செல்கிறது. தடைநாக்கும் அப்படித்தான். கொடுக்கு அதன்மீது செலுத்தும் விசையின் கோடு ஏறக்குறைய நாக்கின் சுழலச்சு வழியாகச் செல்வதால், எத்தனை பெரிய விசையாலும் நாக்கைச் சுழற்ற முடிவதில்லை. கைப்பிடியை இழுத்து நாக்கை விலக்க, சிறு ஸ்பிரிங்கையும் இரு எஃகு முனைகளுக்கு இடையிலான உராய்வையும் வென்றால் போதும்.

அந்த உராய்வுதான் காலப்போக்கில் வளர்கிறது. கிரீஸ் இறுகி, தூசியோடு சேர்ந்து பசையாகிவிட்டால், விரல்கள் இன்னும் பலமாக இழுக்கின்றன. வெயிலில் நொய்ந்துபோன பிளாஸ்டிக்கில், இழுப்பின் விசை குவியும் கூரான உள்மூலையில், விரிசல் தொடங்குகிறது. விரிசலுக்குப் பசை தடவுவது வீண் என்பது என் கருத்து. சில கைப்பிடிகளின் பிளாஸ்டிக்கில் பசை சரியாக ஒட்டுவதே இல்லை. பூட்டுக்குள் கையில் கிடைத்த எண்ணெயைப் பீச்சினால் எல்லாம் சரியாகும் என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான்: மெல்லிய எண்ணெய் அழுக்கைக் கரைக்கும்போது எஞ்சியிருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

வெளிக்கைப்பிடி இலகுவாகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் கடினமாக இருந்தால் குற்றம் பூட்டினுடையது. உள்கைப்பிடி மட்டும் கடினமென்றால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொங்கினால் கேபிளைப் பிணைக்கும் கிளிப் கழன்றிருக்கலாம். கதவின் உள்பலகையைக் கழற்றுமுன், அதில் காற்றுப்பையோ (ஏர்பேக்) அதன் உணரியோ (சென்சார்) உள்ள வண்டியானால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். திருகுகள் பெரும்பாலும் கைப்பிடிக் குழிவிலும் கைதாங்கியின் அடியிலும் ஒளிந்திருக்கும். பூட்டைத் துடைத்து, கொடுக்கும் நாக்கும் தொடும் இடத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ் இட்டபின் புதிய கைப்பிடியைப் பொருத்துங்கள்.

உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே, ஸ்க்ரூட்ரைவரால் கொடுக்கை இரண்டு முறை ‘டக்’ என்று கேட்கும்வரை தள்ளி, உள்கைப்பிடியை இழுங்கள். கொடுக்கு துள்ளித் திறந்தால், வெளிக்கைப்பிடியாலும் ஒருமுறை அவ்வாறே சோதித்து, கொடுக்கின் வாய் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள்.