வேலை போனால் முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொழிலாளர் சட்ட வக்கீலிடம் ஒருவர் வந்து சேரும்போது, பெரும்பாலும் பாதி வழக்கு கைநழுவிப் போயிருக்கிறது. அநியாயம் நடந்திருக்கும், சாட்சியும் இருக்கும். ஆனால் கெடு முடிந்திருக்கும், அல்லது ஹெச்.ஆர். நீட்டிய தாளில் கையெழுத்து விழுந்திருக்கும். இந்தத் துறையினர் அலுவலகத்திலேயே இருந்துவிடாமல் நூலகத்திலும் சங்கக் கட்டடத்திலும் இலவச ஆலோசனை முகாம் நடத்த வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி, ஆண்டுக்கு 50 மணி நேரமாவது கட்டணமில்லாச் சேவை செய்யும்படி வக்கீல்களைக் கேட்டுக்கொள்கிறது.

முகாமுக்கு வருபவரிடம் முதலில் தேதியைக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்து 3 வாரத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற பணிநீக்க மனுவுக்கு 21 நாள்தான். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் பாகுபாட்டுப் புகார் கொடுக்க 180 நாள். மாநிலத்திலும் அதற்கான சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரைக் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உள்ளே பேச்சு நடப்பதால் வெளியே கெடு தானாக நின்றுவிடாது.

அடுத்தது கையெழுத்து. 'நீங்களே ராஜினாமா செய்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம்' என்ற பேச்சில் பலர் மடங்கிவிடுகிறார்கள். தானாக விலகியவருக்குப் பணிநீக்க வழக்குப் போடுவது கடினம். கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். அந்த அறையில் எதையும் முடிவு செய்யாதீர்கள். நகல் கேளுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால், யார் என்ன சொல்லி வாங்கினார்கள் என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து அதையே எழுதினால் யோசித்து ஜோடித்தது போலத் தெரியும். கணக்கு முடித்துப் பணம் தரும்போது, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி தாளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 வயது நிறைந்தவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை யோசிக்க 21 நாள் தர வேண்டும். குழுவாக வெளியேற்றினால் 45 நாள். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். எல்லா நாட்டிலும் இப்படியொரு பாதுகாப்பு இருந்தால் நன்றாயிருக்கும்.

ஆவணம் என்றால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, எச்சரிக்கைக் கடிதங்கள், மதிப்பீட்டு அறிக்கை. கூடவே ஒரு நோட்டு: நாள், நேரம், இடம், சொன்னவர், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர். அன்றன்றே எழுதியதற்குத்தான் மதிப்பு. பெரிய தவறு ஒன்றும் இங்கே நடக்கிறது: கோபத்தில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையும் உள்கோப்புகளையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்கிறார்கள். பணிநீக்கத்துக்கு வலுவான காரணம் இல்லாத நிர்வாகத்துக்கு அதுவே காரணமாகிவிடும். உங்களுக்கு வந்த கடிதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்பேசியில் இருக்கும் உரையாடல்களை அழிக்க வேண்டாம், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து.

முகாம் நடத்தும் இளம் வக்கீல்களுக்கும் சில வார்த்தைகள். கதை கேட்குமுன் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். உங்கள் அலுவலகம் அந்த நிர்வாகத்துக்காக வாதாடினால், விவரம் ஒன்றையும் காதில் வாங்காமல் வேறு வக்கீலிடம் அனுப்ப வேண்டும். மேசைகளை நெருக்கிப் போடாதீர்கள். பக்கத்து மேசைக்காரர் அதே தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருக்கலாம். இன்றைய ஆலோசனை மட்டும்தானா, வழக்கையும் எடுத்து நடத்துவீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையிலேயே கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. கடைசித் தேதியை வாயால் சொல்லி அனுப்பாமல் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், ஒரு நகலை முகாம் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள்.