பிரிட்டன் ராணுவம் துரத்தியவர்களுக்கு இழப்பீடு: யாருக்கு, எவ்வளவு?

தன்பாலீர்ப்பாளர், திருநர் என்று சொல்லி படையிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பியதற்கு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இப்போது பணம் கொடுக்கிறது. 2024 டிசம்பரில் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம்தான் அவகாசம், 2026 டிசம்பர் 12ஆம் தேதியோடு முடிகிறது. ஒதுக்கிய தொகை 7.5 கோடி பவுண்டு.

முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். 1967 ஜூலை 27 முதல் 2000 ஜனவரி 11 வரையிலான காலத்தில் படையில் இருந்தவர்களுக்குத்தான் இது. ஏன் 1967? அந்த வருடம்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்த இரண்டு ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் வந்தது. ஆனால் படைக்காரர்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு வைத்துவிட்டார்கள். 1994இல் படையிலும் அது குற்றம் என்பது போனது, ஆனால் வேலையைவிட்டு நீக்கலாம் என்பது போகவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் குட்டிய பிறகுதான் தடையை எடுத்தார்கள்.

சரி, பணம் இரண்டு வகை. பாலியல் சார்போ பாலின அடையாளமோ காரணமாக நீக்கப்பட்டிருந்தால் 50,000 பவுண்டு. உண்மையில் அப்படி இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அப்படி என்று மேலதிகாரிகள் நினைத்து நீக்கியிருந்தாலும் போதும். "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்" என்று சொல்லப்பட்ட அதிகாரிகளும் இதில் வருவார்கள்.

இரண்டாவது, பட்ட பாட்டுக்கான தொகை. வேலை போகாதவர்களும் கேட்கலாம். ராணுவப் போலீஸ் அலமாரியைக் குடைந்து கடிதங்களைப் படித்தது, படுக்கையறைக் கேள்விகளை மணிக்கணக்கில் கேட்டது, சிறையில் போட்டது, சக வீரர்கள் துன்புறுத்தியது எல்லாம் இதில் அடங்கும். தனிக் குழு ஒன்று ஒவ்வொருவர் கதையையும் படித்து, அதிகபட்சம் 20,000 பவுண்டு வரை முடிவுசெய்யும். இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்கு 70,000 வரை வரலாம். நோய் முற்றி மரணத்தை எதிர்நோக்கி இருப்பவர்களின் விண்ணப்பத்தை முதலில் எடுக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ஒரே அளவு 50,000தான். பயிற்சி முடித்த கையோடு வெளியே போனவருக்கும், பதினெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வூதியத்தை நெருங்கும்போது துரத்தப்பட்டவருக்கும் அதே தொகை. இழந்த சம்பளத்தை ஒவ்வொருவருக்காகக் கணக்குப் போட ஆரம்பித்தால் திட்டம் வருடக்கணக்கில் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டாமவர் கணக்குப் போட்டுப் பார்க்காமலா இருப்பார்?

இதற்கெல்லாம் அடிப்படை, முன்னாள் நீதிபதி ஈதர்ட்டன் தலைமையில் நடந்த விசாரணை. அதன் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது. அன்றே அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அப்புறம், பணம் இல்லாத சில விஷயங்களும் உண்டு: மன்னிப்புக் கடிதம், பிடுங்கிய பதக்கத்தைத் திருப்பித் தருவது. பதக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். ஃபாக்லாந்து போரில் இருந்த கடற்படைக்காரர் ஒருவரை 1993இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, வேலையைவிட்டு நீக்கி, சீருடையில் இருந்த பதக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். வழக்குப் போட்டு, 2020இல்தான் அது அவர் கைக்குத் திரும்பி வந்தது.